வீட்டில் களவு, பொலிஸ் வரவே இல்லை: 'இன்ஸ்பெக்டரேட்'டுக்கு எழுதினால் பலன் இருக்கா?

நெடுந்தீவான்
2024 பெப்ரவரி 11

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே வாசிப்பதுதான் கூட, எழுதுவது குறைவு. இப்போது ஒரு விசயம் மனதைப் போட்டு அரிக்கிறது.

தைப்பொங்கல் அன்று பின்னேரம் குடும்பமாகக் கோயிலுக்குப் போய்விட்டு இரவு ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தோம். சமையலறைக் கதவு திறந்து கிடந்தது. தோட்டத்தில் இருக்கிற கொட்டிலை உடைத்து, அதற்குள் இருந்த என்னுடைய அலவாங்கையே எடுத்துக் கதவை நெம்பியிருக்கிறான்கள். மேல் அறை அலுமாரி முழுக்கக் கட்டிலில் கொட்டிக் கிடந்தது. மனைவியின் தாலிக்கொடி 11 பவுன். ரோட்டில் அறுத்துக்கொண்டு போய்விடுவான்கள் என்ற பயத்தில் அதை வீட்டில் வைத்துவிட்டு மெல்லிய சங்கிலிதான் போட்டுக்கொண்டு வந்தவ. மகளுக்கு என்று வைத்த இரண்டு சோடிக் காப்பு. அம்மாவின் அட்டியல். 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில் சீலைத் தலைப்பில் முடிந்து, கிளாலிக் கடல்நீரேரி தாண்டிக் கொண்டுவந்த அட்டியல் அது. இதை எந்த இன்சூரன்ஸ் படிவத்தில் நான் எழுதுவது?

101 க்கு, அதாவது இங்கே இங்கிலாந்தில் அவசரம் இல்லாத விசயத்துக்குப் பொலிசைக் கூப்பிடுகிற நம்பருக்கு அடித்தேன். நாற்பது நிமிசம் காத்திருந்துதான் ஒரு பிள்ளை எடுத்தது. கள்ளன் வீட்டுக்குள் இல்லை என்றபடியால் அவசரம் இல்லை, ஆள் தொடர்பு கொள்ளும் என்று ஒரு நம்பர் தந்தார்கள். ஒன்றையும் தொடவேண்டாம் என்றும் சொன்னார்கள். நாங்களும் இரண்டு இரவு கீழே சோபாவில் படுத்தோம். நாலாம் நாள் ஒருவர் போன் பண்ணினார். மரியாதையான பெடியன், குறை சொல்ல ஏலாது. அடுத்த கிழமை ஈமெயில் வந்தது: விசாரிக்க மேற்கொண்டு வழி இல்லை, கோப்பு மூடப்பட்டது. எதிர்வீட்டு மூதாட்டியின் அழைப்புமணியில் கமரா இருக்கிறது. அவவிடம் ஒருவரும் போய்க் கேட்கவில்லை. எங்கள் வீட்டு வாசல்படியில் ஒரு பொலிஸ்காரரின் சப்பாத்துக்கூடப் படவில்லை.

வேலையிடத்து நண்பர் ஒருவர், 'இன்ஸ்பெக்டரேட் ஒஃப் கொன்ஸ்டபியுலரி' என்று ஒன்று இருக்கு, அதுக்கு எழுது என்கிறார். இன்ஸ்பெக்டர் என்றால் ஸ்டேஷனில் இருக்கிற இன்ஸ்பெக்டர்தானே? மனைவி சொல்கிறா, "பொலிசைப் பற்றிப் பொலிசிட்டையே சொல்லி என்ன வரப்போகுது, பிறகு எங்களைத்தான் குறித்து வைப்பினம்." அனுபவப்பட்டவர்கள் யாரும் இருந்தால் சொல்லுங்கோ.

---

மதுரைக்காரி
2024 பெப்ரவரி 11

படிக்கவே கஷ்டமா இருக்கு அண்ணா. அந்த அட்டியல் விஷயம் ரொம்ப மனசைத் தொட்டுச்சு.

என் அனுபவத்தைச் சொல்றேன். போன வருஷம் என் வீட்டுக்காரரோட கார் திருடு போச்சு, போலீஸ் கண்டுக்கவே இல்ல. நான் நேரா ஐ.ஓ.பி.சி.க்கு, அதாவது போலீஸ் நடத்தையை விசாரிக்கிற சுயாதீன அலுவலகத்துக்கு எழுதினேன். அவங்க அதை அதே போலீஸுக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. முதல்ல அங்கதான் பாக்கணுமாம். ஆறு வாரம் போனதுதான் மிச்சம். இன்ஸ்பெக்டரேட் பத்தி எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்.

---

கணக்குப்பிள்ளை
2024 பெப்ரவரி 12

தம்பி நெடுந்தீவான், முதலில் மனைவியின் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். குறித்து வைக்கமாட்டார்கள். நான் 11 வருசம் இங்கிலாந்தில் ஒரு பொலிஸ் படையில் வேலை செய்தவள். எந்தப் படை என்று சொல்லமாட்டேன். சீருடை போட்டதில்லை. குற்றப் பதிவாளரின் அணியில் கணக்குப் பார்க்கிற வேலை: வந்த அழைப்பு, எழுதிய குறிப்பு, பதிந்த குற்றம் மூன்றும் பொருந்துகிறதா என்று பார்ப்பது. மூன்று வருசத்துக்கு முன் ஓய்வு பெற்றேன். முறைப்பாடு செய்தவரின் வீட்டுக்குப் போகாதே என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் கண்ட பிழை வேறு. ஒன்றும் சொல்லாமல் இருக்கிற ஆளின் கோப்பு கீழே போய்விடும், எங்கள் சனம் அதிகம் சொல்லாமல் இருக்கிற சனம்.

இனி அந்தப் பெயர்க் குழப்பம். ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் என்பது சார்ஜன்டுக்கு மேலே உள்ள பதவி. உங்கள் நண்பர் சொல்வது அது இல்லை. இது 1856 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அமைப்பு. அந்தச் சட்டம் ஒவ்வொரு கவுண்டியும் கட்டாயம் பொலிஸ் படை வைக்க வேண்டும் என்றது. அவை ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்க மூன்று பேரை அரசி நியமித்தார். அவர்கள் போய்ப் பார்த்து, இந்தப் படை திறமையாக இயங்குகிறது என்று கையெழுத்துப் போட்டால்தான் சம்பளத்துக்கும் உடுப்புக்கும் ஆகும் செலவில் காற்பங்கை அரசு கொடுக்கும். கையெழுத்து இல்லாவிட்டால் காசு இல்லை. இப்போது அந்தக் காசுப் பிடி இல்லை. இங்கிலாந்து, வேல்ஸில் உள்ள 43 படைகளையும் பார்க்கிறார்கள், 2017 இல் இருந்து இங்கிலாந்தின் தீயணைப்புச் சேவைகளையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அதால்தான் இப்போது பெயரோடு 'அண்ட் ஃபயர் அண்ட் ரெஸ்கியூ சேர்விசஸ்' என்றும் சேர்ந்திருக்கிறது. அவர்கள் அரசுக்கும் கீழ் இல்லை, பொலிசுக்கும் கீழ் இல்லை. ஆனால் ஒரு தலைமைப் பொலிஸ் அதிகாரியைப் பார்த்து "இதைச் செய்" என்று கட்டளையிடும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: உங்கள் களவை அவர்கள் விசாரிக்கமாட்டார்கள். தனி ஆளின் முறைப்பாட்டை எடுப்பதில்லை. எழுதினால், பொலிஸ் படையிடம் போங்கோ என்றுதான் மரியாதையாகப் பதில் வரும்.

அப்படியானால் அவர்களால் என்ன பயன் என்று கேட்பீர்கள். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் படைக்கு அவர்கள் குற்றப் பதிவைச் சோதிக்க வந்த முறை, முன்கூட்டியே சில நூறு அழைப்புகளை அவர்களே தெரிவு செய்து ஒலிப்பதிவைக் கேட்டிருந்தார்கள். நாங்கள் தெரிவு செய்யவில்லை, அதுதான் முக்கியம். எழுதிய குறிப்பை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், எழுதியவர் தனக்கு எதிராக எழுதமாட்டார். அவர்கள் குரலைக் கேட்டார்கள். பிறகு, இது குற்றமாகப் பதியப்பட்டிருக்க வேண்டும், ஏன் பதியவில்லை என்று ஒரு பட்டியல் தந்தார்கள். அதில் ஒவ்வொன்றையும் நாங்கள் ஒத்துக்கொள்ளலாம், அல்லது காரணம் காட்டி மறுக்கலாம். அந்த மேசையில் நானும் இருந்தேன்.

ஒரு அழைப்பு. ஆளை அடையாளம் காண முடியாதபடி சிலதை மாற்றிச் சொல்கிறேன். ஒரு பெண் 999 க்கு அடித்து, உடைந்த ஆங்கிலத்தில் "ஹஸ்பண்ட், ஹஸ்பண்ட்" என்று இரண்டு முறை சொல்கிறா. பிறகு கதவு அடிபடுகிற சத்தம். லைன் கட். குறிப்பில் எழுதியிருந்தது: மொழிச் சிக்கல், குற்றம் எதுவும் சொல்லப்படவில்லை. திருப்பி அடித்தபோது ஒரு ஆண் எடுத்து, பிள்ளை போனை வைத்து விளையாடியது என்று சொல்லியிருந்தார். அதோடு முடிந்தது.

சோதிக்க வந்தவர், ஒரு மெலிந்த மனுசி, என் பக்கம் திரும்பி, பின்னால் ஒரு குரல் கேட்கிறதே, அது என்ன மொழி தெரியுமா என்று கேட்டா. ஹெட்போனைப் போட்டேன். கதவுச் சத்தத்துக்கு முன் ஒரு ஆண் குரல் தமிழில்: "போனை வை. வைக்காட்டில் கொன்றுபோடுவன்." மூன்று விநாடிதான். அந்தப் படையில் அத்தனை பேர் வேலை செய்தார்கள். அந்த மூன்று விநாடி அன்றைக்கு எனக்கு மட்டும்தான் விளங்கியது. நான் மொழிபெயர்த்துச் சொல்லும்போது என் கை நடுங்கியது இப்போதும் நினைவிருக்கிறது. அன்று பின்னேரமே அது கொலை மிரட்டலாகப் பதியப்பட்டது. அந்த வீட்டுக்கு ஆள் போனது. அந்தப் பெண்ணுக்கு அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை, கேட்கவும் இல்லை.

இது ஒரு படையின் கதை மட்டும் இல்லை. 2014 நவம்பரில் அவர்கள் நாடு முழுவதற்குமான அறிக்கை வெளியிட்டார்கள். பொலிசுக்குச் சொல்லப்பட்ட குற்றங்களில் 19 வீதம் பதியப்படவே இல்லை. ஆண்டுக்கு 8 இலட்சத்துக்கு மேல். வன்முறைக் குற்றங்களில் மூன்றில் ஒன்று. பாலியல் குற்றங்களில் 26 வீதம். பதிவில்லாத குற்றத்துக்கு விசாரணை இல்லை, உதவி அமைப்புக்குத் தகவல் போகாது, கணக்கிலும் ஆள் இல்லை. பொலிஸ் நிலையம் வரை போய்ச் சொன்ன ஒரு பெண், சொல்லாதவளாக ஆகிவிடுகிறாள்.

பிறகு 2020 டிசம்பரில் கிரேட்டர் மான்செஸ்டர். ஒரே வருசத்தில் அங்கே சுமார் 80,000 குற்றங்கள் பதியப்படவில்லை என்று கணக்கிட்டார்கள். நாளுக்கு 220 போல, ஐந்தில் ஒன்று. அவர்களால் கட்டளையிட முடியாது என்று சொன்னேன் அல்லவா? ஆனால் அந்த எண்ணிக்கை பத்திரிகையில் வந்த பிறகு, ஒரு கிழமை அளவில் தலைமை அதிகாரி பதவி விலகினார். அந்தப் படையை 'என்கேஜ்' என்ற உயர் கண்காணிப்பில் போட்டார்கள். அந்த நிலையில் உள்ள படையின் தலைவர்கள், இன்ஸ்பெக்டரேட்டின் தலைமை இன்ஸ்பெக்டர் தலைமை தாங்கும் குழுவின் முன் வந்து, என்ன திருத்தினீர்கள் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். புதுத் தலைமை வந்தது, 2022 இல் அதில் இருந்து வெளியே வந்தார்கள். அதே 2022 ஜூனில் லண்டன் மெட்ரோபொலிட்டன் பொலிஸ் உள்ளே போனது.

உங்கள் விசயத்துக்கு வருகிறேன். 2022 ஓகஸ்டில் வீட்டுக் களவு, வழிப்பறி பற்றி ஒரு அறிக்கை வந்தது. முந்தைய வருசக் கணக்கில், எல்லா வகைக் களவுகளிலும் சேர்த்து 4 வீதத்திலும் வழிப்பறிகளில் 6.3 வீதத்திலும் மட்டும்தான் யார் மீதாவது வழக்குத் தொடரப்பட்டது. முதல் மணித்தியாலங்களில் தடயம் எடுக்காமல் விடுவதை அதில் கடுமையாக எழுதியிருந்தார்கள். அதே வருசம் ஒக்டோபரில் 43 படைகளின் தலைவர்களும் ஒரு வாக்குறுதி கொடுத்தார்கள்: வீடு உடைக்கப்பட்டால் கட்டாயம் நேரில் போவோம். உங்கள் வீட்டுக் களவு அதற்குப் பிறகு ஒன்றேகால் வருசம் கழித்து நடந்திருக்கிறது. அப்படியென்றால் ஏன் வரவில்லை?

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. கொட்டிலை உடைத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 101 இல் முதலில் கொட்டிலைப் பற்றிச் சொன்னீர்களா, வீட்டைப் பற்றியா? 2023 ஏப்ரலில் இருந்து குடியிருக்கிற வீடு உடைப்பதும், வீட்டோடு ஒட்டாத கொட்டில், கராஜ் உடைப்பதும் தனித்தனி வகையாகப் பதியப்படுகின்றன. வாக்குறுதி வீட்டுக்குத்தான். உங்கள் குற்ற நம்பரை வைத்து, எந்த வகையில் பதிந்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கோ. போனில் கேட்கவேண்டாம். எதிர்வீட்டு அம்மாவிடம் இன்றைக்கே போய், அந்த இரவின் காட்சியை அழியாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கோ. பெரும்பாலான கமராக்கள் ஒரு மாதத்தில் பழையதை அழித்துவிடும். பொங்கல் முடிந்து நாலு கிழமை ஆகிவிட்டது, இதுதான் எல்லாவற்றிலும் அவசரம்.

---

பனங்கூடல்
2024 பெப்ரவரி 12

அக்கா எழுதியது நன்றாக இருக்கிறது, ஆனால் நான் இவ்வளவு நம்பிக்கை வைக்கமாட்டேன். 2022 இல் இன்ஸ்பெக்டரேட்டின் தலைமை இன்ஸ்பெக்டராக வந்த ஆண்டி குக் முன்பு மெர்சிசைட் பொலிசின் தலைவர். பொலிசைப் பொலிஸ் பார்க்கிறது என்று நெடுந்தீவானின் மனைவி சொன்னது பிழை இல்லை.

2021 மார்ச்சில் சாரா எவரார்ட் என்ற பெண்ணை ஒரு பொலிஸ்காரனே கொன்றான். அவளுக்காக லண்டனில் கிளப்பம் கொமன் திடலில் மெழுகுதிரி ஏற்றக் கூடிய பெண்களைப் பொலிஸ் நிலத்தில் போட்டு அமுக்கிய படம் எல்லாரும் பார்த்தோம். அந்த மாதமே இந்த இன்ஸ்பெக்டரேட் அறிக்கை எழுதியது: பொலிஸ் பொருத்தமாகத்தான் நடந்தது என்று. அடுத்த மார்ச்சில் உயர்நீதிமன்றம், கூட்டத்தை ஒழுங்கு செய்தவர்களின் உரிமையைப் பொலிஸ் மீறியது என்று தீர்ப்புக் கொடுத்தது. யாரை நம்புவது?

---

கணக்குப்பிள்ளை
2024 பெப்ரவரி 13

பனங்கூடல், நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை. கிளப்பம் அறிக்கையை வாசித்த அன்று எனக்கும் வயிறு எரிந்தது. அதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை.

ஆனால் 2012 முதல் 2022 வரை அந்தப் பதவியில் இருந்த டொம் வின்சர் பொலிசில் இருந்து வந்தவர் இல்லை, முன்பு ரயில்வேயை ஒழுங்குபடுத்தும் பதவியில் இருந்த சட்டத்தரணி. அவர் காலத்தில், 2013 இல், தெருவில் மறித்துச் சோதிக்கும் அதிகாரம் பற்றிய அறிக்கை வந்தது. 8,783 பதிவுகளைப் பார்த்து, அதில் 27 வீதத்தில் சோதித்ததற்கு நியாயமான காரணமே எழுதப்படவில்லை என்று சொன்னார்கள். எங்கள் பெடியங்களை ரோட்டில் மறித்து பொக்கற்றைத் தட்டிப் பார்த்த காலம் அது. என் மகனும் இரண்டு முறை நின்றவன். 'எங்களுக்கு மட்டும்தான் இப்படி' என்று வீட்டுக்குள் அழுத விசயத்தை, பொலிசின் சொந்தக் கடதாசியை வைத்தே வெளியார் ஒருவர் எழுதிக் காட்டியபோது, அது எங்கள் மனப்பிரமை இல்லை என்று ஆனது.

சாரா எவரார்டின் கொலைக்குப் பிறகும் அவர்களிடம் ஒரு வேலை கொடுக்கப்பட்டது. ஆட்களைச் சேர்க்கும்போது பின்னணி பார்க்கிற கோப்புகள் 725 ஐத் திறந்தார்கள். அதில் 131 இல் எடுத்த முடிவு மிக நல்லபடியாகச் சொன்னாலும் கேள்விக்குரியது என்று 2022 நவம்பரில் எழுதினார்கள். அந்த அறிக்கை வந்தபோது தலைமை இன்ஸ்பெக்டர் நீங்கள் சொல்கிற அந்த முன்னாள் பொலிஸ் தலைவர்தான். முன்னாள் பொலிஸ் என்பது ஒரு குறை. ஆனால் எந்த மேசை இழுப்பறையில் என்ன ஒளிந்திருக்கும் என்று அறிந்தவர் என்பதும் அதுதான். இரண்டையும் சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன்.

இவர்களை மட்டும் நம்பி இருக்கவும் தேவையில்லை. ஓய்வு பெற்ற பிறகு நான் ஒரு தொண்டு செய்கிறேன்: காவலில் இருப்பவர்களைப் பார்க்கப் போகும் பார்வையாளர். 1981 இல் லண்டன் பிரிக்ஸ்டன் கலவரத்துக்குப் பிறகு நீதிபதி ஸ்கார்மன் பிரபு எழுதிய அறிக்கையில் இருந்து வந்த ஏற்பாடு, 2002 இல் சட்டமானது. சாதாரண ஊர்ச் சனம், இரண்டு இரண்டு பேராக, சொல்லாமல் கொள்ளாமல், நள்ளிரவு இரண்டு மணிக்கும் பொலிஸ் காவலறைக் கட்டடத்துக்குப் போய் மணி அடிக்கலாம். தாமதிக்காமல் உள்ளே விட வேண்டும். கைதானவர் சம்மதித்தால் பேசலாம். என்ன குற்றம் என்று கேட்கக்கூடாது, கேட்பதும் இல்லை. சாப்பிட்டீர்களா, போர்வை இருக்கா, சட்டத்தரணி வேண்டும் என்று சொன்னீர்களா, மருந்து எடுக்கிற ஆளா, இவ்வளவுதான்.

ஒரு மாசி மாத இரவு, ஒரு இளம் பெடியன். பதிவில் இரண்டு முறை 'உணவு மறுத்தார்' என்று எழுதியிருந்தது. கதவின் சின்னத் திறப்பால் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "நான் மச்சம் சாப்பிடுவதில்லை" என்றான். இரண்டு முறையும் கோழிதான் சூடாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அவனும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அங்கேயே மரக்கறிச் சாப்பாடு பெட்டி பெட்டியாக அலுமாரியில் இருந்தது. பத்து நிமிசத்தில் சாப்பிட்டான். அறிக்கையில் எழுதினோம்: உள்ளே வரும்போதே எல்லாரிடமும் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்க வேண்டும். இரண்டு மாதம் கழித்துப் போனபோது அந்தக் கேள்வி வரவேற்பு மேசையில் அச்சடித்து ஒட்டியிருந்தது. சின்ன விசயம்தான். 2019 இல் மாதவிடாய்க்காலத் தேவைகளை ஒவ்வொரு பெண் கைதியிடமும் கேட்க வேண்டும் என்று சட்டக்கோவை மாறியதும், இப்படிப் போய்ப் பார்த்தவர்கள் எழுதி எழுதி வந்ததுதான். அதுவரை வெட்கத்தில் வாய் திறக்காமல் இருந்த பெண்கள் எத்தனை பேரோ.

எங்கள் சனத்தில் இதற்கு ஆட்கள் மிகக் குறைவு. 18 வயதுக்கு மேல் இருக்க வேண்டும், பொலிசில் வேலை செய்பவராக இருக்கக்கூடாது. உங்கள் பகுதிப் பொலிஸ் படையைக் கண்காணிக்க வாக்குப் போட்டுத் தெரிவு செய்யப்படுகிற பொலிஸ் அண்ட் கிரைம் கொமிஷனரின் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், லண்டன் என்றால் மேயரின் பொலிஸ் அலுவலகம். பனங்கூடல், உங்களைப் போல நம்பாத ஆட்கள்தான் இதற்கு வேண்டும். உண்மையாகச் சொல்கிறேன்.

---

மல்லிகை_07
2024 பெப்ரவரி 14

கணக்குப்பிள்ளை அக்கா, நீங்கள் எழுதின அந்தப் போன் கதையை மூன்று தரம் வாசித்தேன். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி கணவரின் விசாவில் வந்தவ. வீட்டில் அடி. பொலிசுக்கு அடித்தால் விசாவைப் பார்த்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவர் வெருட்டி வைத்திருக்கிறார். அது உண்மையா?

---

கணக்குப்பிள்ளை
2024 பெப்ரவரி 14

பிள்ளை, முதலில் இது: உயிருக்கு ஆபத்து என்றால் 999. வாய் திறந்து கதைக்க முடியாத நிலை என்றால் கைப்பேசியில் அடித்து, கேட்டதும் 55 ஐ அழுத்தச் சொல்லுங்கோ. அது பொலிசுக்கு மாற்றிவிடும். சும்மா அடித்துவிட்டு மௌனமாக இருந்தால் போதாது, 55 அழுத்த வேண்டும். இதை அவ மனப்பாடம் பண்ணட்டும்.

வெருட்டு முழுப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது, அதால்தான் கவனமாக எழுதுகிறேன். 2018 டிசம்பரில் சவுத்ஹோல் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பும் லிபர்ட்டி என்ற மனித உரிமை அமைப்பும் சேர்ந்து இதே விசயத்தை 'சூப்பர் கொம்ப்ளெயின்ட்' ஆகக் கொண்டுபோனார்கள். தனி ஆளின் முறைப்பாட்டை இன்ஸ்பெக்டரேட் எடுக்காது என்றேன். ஆனால் அரசு அங்கீகரித்த சில அமைப்புகள், நாடு முழுக்க நடக்கிற ஒரு கெட்ட பழக்கத்தை இந்த வழியால் அவர்கள் முன் வைக்கலாம். அடி வாங்கி வந்த பெண்ணின் விசா விபரத்தைப் பொலிஸ் குடிவரவு அலுவலகத்துக்குக் கொடுக்கிறது, அதால் பெண்கள் பொலிசிடம் வரவே பயப்படுகிறார்கள் என்பதுதான் அந்த முறைப்பாடு. 2020 டிசம்பரில் இன்ஸ்பெக்டரேட்டும் வேறு இரண்டு அமைப்புகளும் சேர்ந்து, ஆம், இதனால் பாதிப்பு இருக்கிறது, குடும்ப வன்முறைக்கு ஆளானவரின் விசா பற்றிச் சந்தேகம் மட்டும் இருந்தால் அந்தத் தகவலைக் கொடுப்பதை நிறுத்துங்கோ என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு அரசு, முழுத் தடுப்பு ஒன்று போட மறுத்துவிட்டது. அதில் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

ஆனால் அவ அறிய வேண்டிய இன்னொன்று இருக்கு. துணைவர் விசாவில் வந்து, வன்முறையால் மணவாழ்வு முறிந்தால், கணவரின் கையெழுத்து இல்லாமலே இங்கே இருக்கக் கேட்கும் வழி சட்டத்தில் உண்டு. எந்த வகை விசா என்பதைப் பொறுத்து வழி மாறும். அதால் சவுத்ஹோல் பிளாக் சிஸ்டர்ஸுடன் ஒருமுறை கதைக்கச் சொல்லுங்கோ, அல்லது அவவின் சார்பில் நீங்கள் கதையுங்கோ. கடவுச்சீட்டும் விசா ஆவணங்களும் கணவரின் கையில் இருந்தால் அவற்றின் படத்தையாவது உங்கள் போனுக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கோ. எனக்குத் தனிமடல் போடலாம், எந்த நேரமும்.

---

நெடுந்தீவான்
2024 மார்ச் 9

அக்கா, தாமதத்துக்கு மன்னிக்கவும். நீங்கள் எழுதிய அன்று இரவே எதிர்வீட்டு மூதாட்டியிடம் போனேன். பொங்கல் இரவுக் காட்சி அழிய இரண்டு நாள்தான் இருந்தது. அவவுக்கு எடுக்கத் தெரியாது, என் மகள் எடுத்துக் கொடுத்தாள். எட்டு மணி பத்துக்கு இரண்டு பேர், ஒரு வெள்ளை வான். நம்பர் பாதி தெரிகிறது.

வகையையும் எழுத்தில் கேட்டேன். நீங்கள் சொன்னதேதான். 'வீட்டோடு ஒட்டாத கட்டடம்' என்று பதிந்திருக்கிறார்கள். போனில் நான் "கார்டன் ஷெட்" என்று தொடங்கியிருக்கிறேன், பதட்டத்தில். அந்தப் பிள்ளை அதையே எழுதிவிட்டது. எங்கள் படுக்கை அறையும் அம்மாவின் அட்டியலும் அந்தக் கடதாசியில் ஒரு ஷெட்டாகத்தான் இருந்திருக்கு. முறைப்பாட்டுப் பகுதிக்கு எழுதினேன், அழைப்பின் ஒலிப்பதிவைக் கேட்கச் சொல்லியும் எழுதினேன். மூன்றாம் கிழமை ஒரு பெண் பொலிஸ் நேரில் வந்தா. மன்னிப்புக் கேட்டா. கதவில் தடயம் எடுக்க இப்போது ஒன்றும் இல்லை, ஆனால் வானின் காட்சியை வாங்கிக்கொண்டு போனா. இதே வானைப் பற்றி வேறு இரண்டு வீடுகளிலும் சொல்லியிருக்கிறார்களாம்.

நகை கிடைக்கவில்லை. மனைவி இப்போது மஞ்சள் கயிற்றில்தான் தாலி கட்டியிருக்கிறா.

---

கணக்குப்பிள்ளை
2024 மார்ச் 9

தம்பி, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அம்மாவிடம் அட்டியலின் பழைய கலியாணப் படம் ஏதும் இருந்தால், அந்தப் பெண் பொலிசுக்குப் பெரிதாக்கி அனுப்புங்கோ. பிடிபட்ட நகைகளோடு ஒப்பிட அவர்களுக்கு வேறு வழி இல்லை.

வகையை மாற்றியதாக வாயால் சொன்னார்களா, எழுத்தில் தந்தார்களா? மாற்றிய திகதியோடு எழுத்தில் வாங்குங்கோ. 2024 மே மாதம் 2 ஆம் திகதி கொமிஷனர் தேர்தல். உங்கள் பகுதியில் கொமிஷனர் இருந்தால், வாக்குக் கேட்டு வருகிறவரிடம் இதைக் கேளுங்கோ: இன்ஸ்பெக்டரேட் அறிக்கை வெளியானால் 56 நாளுக்குள் பதில் வெளியிட வேண்டியது சட்டம். கடைசியாக எங்கள் படையைப் பற்றி வந்த அறிக்கைக்கு என்ன பதில் எழுதப்பட்டது, நீங்கள் வந்தால் அதில் எதைச் செய்வீர்கள்? அந்த அறிக்கை இன்ஸ்பெக்டரேட்டின் தளத்தில் படையின் பெயரிலேயே இருக்கும், குற்ற விசாரணைக்கு என்ன தரம் கொடுத்திருக்கிறார்கள் என்று மகளை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கோ. தரம் மோசமாக இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கோ.